தண்ணீருக்குள் எட்டிப் பார்த்த வாத்தியார்

எங்கள் பெரியம்மா வைக்கும் வற்றல் குழம்புக்கு ஈடு கிடையாது. புதிதாகக் குடித்தனம் வைத்த நாளில், நான் காகிதமும் பென்சிலுமாக அவர் எதிரே உட்கார்ந்து, புளி எவ்வளவு, பொடி எவ்வளவு என்று ஒன்று விடாமல் எழுதிக்கொண்டேன். எழுதியபடியே செய்தும் பார்த்தேன். குழம்பு என்னவோ வந்தது. பெரியம்மாவின் குழம்பு வரவில்லை!

பிறகு ஒரு நாள் காகிதத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, அடுப்பங்கரையில் அவர் பக்கத்திலேயே போய் நின்றேன். கொதித்ததும் இறக்கிவிடு என்று எனக்குச் சொன்னவர், தாம் அப்படி இறக்கவில்லை. தணலைக் குறைத்து, எண்ணெய் மேலே பிரிந்து வரும் வரையில் விட்டுவைத்தார். கடைசியில் அவருடைய விரல்கள் தாமாகவே ஒரு வெல்லத் துணுக்கைக் கிள்ளிப் போட்டன.

"பெரியம்மா, வெல்லத்தைப் பற்றி நீங்கள் சொல்லவே இல்லையே!" என்றேன்.

"வெல்லமா? நான் எங்கேடி போட்டேன்?" என்றார்.

அவர் எதையும் ஒளிக்கவில்லை, சகோதரிகளே! கை செய்த காரியத்தை மனசு கவனிக்கவில்லை, அவ்வளவுதான். இந்தச் சின்ன உண்மையைப் பிடித்துக்கொண்டே உலகப் புகழ் பெற்றுவிட்ட ஒரு நீச்சல் வாத்தியார் அமெரிக்காவில் இருந்தார். அவர் பெயர் ஜேம்ஸ் கவுன்சில்மன். டாக்டர் பட்டம் பெற்றவர். மாணாக்கர்கள் செல்லமாக 'டாக்' என்று கூப்பிடுவார்கள்.

டாக் 1920-ம் வருஷம் அலபாமா மாகாணத்தில் பிறந்தார். தாயும் தகப்பனாரும் பிரிந்துவிட, தாயார் இரண்டு பிள்ளைகளையும் செயின்ட் லூயிஸ் நகரத்துக்கு அழைத்து வந்து, தனி ஒருத்தியாக வளர்த்தார். அந்த ஊர்ப் பூங்காவில் மீன் குஞ்சுகளை வளர்க்கும் குட்டைகள் உண்டு. சிறு பிராயத்தில் தண்ணீரில் மூழ்கிப் போக இருந்து பிழைத்த அந்தப் பையன், அந்த மீன் குட்டையில்தான் நீந்தப் பழகினான். பின்னால் ஒஹையோ சர்வகலாசாலையில் மார்பு நீச்சலில் பெயர் வாங்கினான்.

இரண்டாம் உலக யுத்தம் குறுக்கிட்டது. டாக் பெரிய குண்டு வீச்சு விமானம் ஓட்டினார். வீரத்துக்காகப் பதக்கமும் பெற்றார். யுத்தம் முடிந்ததும் திரும்பி வந்து படிப்பை முடித்து, மேற்கொண்டு ஆராய்ச்சியும் செய்து, வாத்தியார் வேலைக்கு வந்தார். முதலில் நியூயார்க் மாகாணத்தில் கார்ட்லண்டு என்ற சிறிய ஊர்க் கல்லூரி. அங்கே ஜார்ஜ் பிரீன் என்ற மாணவர் வந்து சேர்ந்தார். பந்தய நீச்சலுக்கு மிகத் தாமதமாக வந்தவர். அவரே 1956-ல் மெல்போர்ன் ஒலிம்பிக் பந்தயத்தின்போது, 1,500 மீட்டர் நீச்சலில் உலக சாதனை செய்தார்!

அடுத்த வருஷம், 1957-ல், டாக் இந்தியானா சர்வகலாசாலைக்குப் போனார். 1990-ல் ஓய்வு பெறும் வரையில் அங்கேதான் இருந்தார்.

போன இடத்தில் உடனே சோதனை வந்தது. 1960-ல் அந்தச் சர்வகலாசாலையின் கால்பந்துப் பிரிவு விதிகளை மீறியது என்று, எல்லா விளையாட்டுப் பிரிவுகளுக்கும் சேர்த்து நாலு வருஷத் தண்டனை விதித்துவிட்டார்கள். நீச்சல் பிள்ளைகள் ஒரு பாவமும் அறியாதவர்கள். அவர்களிலே உலக சாதனை செய்தவர்களும் இருந்தார்கள். ஆனாலும் கல்லூரிகளின் தேசியப் போட்டியில் கால் வைக்கக் கூடாது! யாரோ செய்த குற்றத்துக்குத் தம் பிள்ளைகள் தண்டனை அனுபவிப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பது எந்தத் தாய்க்கும் வாத்தியாருக்கும் சுலபமல்ல. டாக் அந்த இடத்தை விட்டுப் போகவில்லை. காலையில் குளம், மாலையில் குளம் என்று வேலையைத் தொடர்ந்தார்.

அவர் செய்த விசேஷமான வேலை என்ன தெரியுமா? தண்ணீருக்கு அடியில் காமிராவை வைத்துப் படம் பிடித்தார். அந்த நாளில் நீச்சல் கற்றுக் கொடுப்பவர்கள், "கையைத் துடுப்புப் போல நேராகப் பின்னுக்கு இழு" என்பார்கள். நீந்தி ஜயித்தவர்களும் அப்படியே சொல்வார்கள். ஆனால் படத்தைப் போட்டுப் பார்த்தால், கெட்டிக்கார நீச்சல்காரர்களின் கை நேராகப் போகவில்லை. வளைந்து வளைந்து போயிற்று! ஒரு தடவை தள்ளிவிட்ட தண்ணீர் ஏற்கனவே பின்னால் ஓடிக்கொண்டிருக்கும். அதில் பிடிமானம் குறைவு. ஆகவே கை அசையாத தண்ணீரைத் தேடிப் பக்கவாட்டில் போகிறது என்று டாக் விளக்கினார். பெரியம்மாவின் வெல்லத் துணுக்கு மாதிரிதான். கைக்குத் தெரிந்தது வாய்க்குத் தெரியவில்லை.

விமானத்தின் இறக்கை காற்றில் மேலே தூக்குகிறதே, அந்தத் தத்துவம் நீந்துகிறவரின் கையிலும் வேலை செய்கிறது என்றும் அவர் 1971-ல் எழுதினார். பிற்காலத்து ஆராய்ச்சியாளர்கள் இதை அப்படியே ஒப்புக்கொள்ளவில்லை. தண்ணீரைப் பின்னால் தள்ளுவதற்கே பங்கு அதிகம் என்றார்கள். இருக்கட்டுமே! அவர்களும் பார்த்து, அளந்துதான் அப்படிச் சொன்னார்கள். "சொன்னதை நம்பாதே, பார்" என்பதுதானே டாக் கற்றுக் கொடுத்த பாடம்?

தண்டனைக் காலம் முடிந்தது. 1968 முதல் 1973 வரையில் தொடர்ந்து ஆறு வருஷங்கள், கல்லூரிகளின் தேசியப் போட்டியில் இந்தியானாவே முதல் இடம் பெற்றது.

மார்க் ஸ்பிட்ஸ் என்ற பெயரைப் பலரும் கேட்டிருப்பீர்கள். 1968-ல் மெக்ஸிகோ ஒலிம்பிக்குக்கு முன்னால், ஆறு தங்கப் பதக்கம் வாங்குவேன் என்று சொன்னவர். கிடைத்தது இரண்டு; அவையும் நாலு பேர் சேர்ந்து நீந்தும் பந்தயங்களில். பெருமை பேசிக் கெட்டான் என்று ஊர் சிரித்தது. அந்தப் பிள்ளை அடுத்தபடியாக டாக்கிடம்தான் வந்து சேர்ந்தார். ஸ்பிட்ஸுக்கு முன்பே வேறு பயிற்சியாளர்களும் பாடுபட்டிருந்தார்கள். ஆனால் மனம் நொந்து வந்தவரைச் சேர்த்துக்கொண்டு, மற்றப் பிள்ளைகளோடு ஒருவராக நீந்த வைத்தவர் டாக். 1972-ல் மியூனிக்கில் ஸ்பிட்ஸ் ஏழு தங்கப் பதக்கம் வாங்கினார். ஏழிலும் உலக சாதனை!

1976-ல் மாண்ட்ரியல் ஒலிம்பிக்குக்கு அமெரிக்க ஆடவர் நீச்சல் குழுவை அழைத்துப் போனவரும் டாக்தான். 13 பந்தயங்களில் 12 தங்கம். அவருடைய மாணாக்கர் ஜிம் மாண்ட்கோமரி, 100 மீட்டர் தூரத்தை 50 வினாடிக்குள் நீந்திய முதல் மனிதர் ஆனார். பிடித்த நேரம் 49.99 வினாடி, கண் இமைக்கும் நேரம்கூட மிச்சமில்லை!

இவ்வளவு பெரிய வாத்தியார், கஷ்டமான பயிற்சியை முடித்தவர்களுக்குக் கொடுத்த பரிசு என்ன? ஜெல்லி மிட்டாய்! மீசை முளைத்த வாலிபர்கள் அந்த மிட்டாய்க்காகப் போட்டி போட்டு நீந்துவார்களாம். குழந்தை வளர்த்த நமக்கு இதில் ஆச்சரியம் இல்லை.

எனக்கு ஆச்சரியம் தந்தது வேறொன்று. பிறரை முப்பது வருஷங்கள் தண்ணீரில் இறக்கியவர், 1979 செப்டம்பர் மாதத்தில், 58-வது வயதில், தாமே ஆங்கிலக் கால்வாயில் இறங்கினார். இங்கிலாந்துக்கும் பிரான்ஸுக்கும் நடுவே 34 கிலோ மீட்டர் குளிர்ந்த கடல். கூடவே படகு வரும். ஆனால் அதைத் தொட்டுவிட்டால் முயற்சி வீண். பதின்மூன்று மணி நேரத்துக்கு மேல் நீந்திக் கரை ஏறினார். அதுவரையில் அந்த வயதில் அதைக் கடந்தவர் யாரும் இல்லை. மாணாக்கரிடம் கேட்ட பாட்டைத் தாமும் பட்டுக் காட்டிவிட்டார்!

பின்னால் பார்க்கின்சன் என்ற நடுக்க நோய் அவரைப் பிடித்துக்கொண்டது. எத்தனையோ பேரின் கைகளைக் கூர்ந்து பார்த்துத் திருத்தியவருக்குத் தம் உடம்பே வசப்படாமல் போயிற்று. 2004 ஜனவரியில், 83-வது வயதில் காலமானார்.

நம் வீட்டுப் பிள்ளை கணக்கில் தப்புப் போட்டு வந்தால், "எத்தனை தரம் சொல்லிக் கொடுத்தேன்!" என்று கத்துகிறோம். நானும் கத்தியிருக்கிறேன். அடுத்த தரம் அப்படி நேர்ந்தால், ஒரு பத்து நிமிஷம் பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்து, குழந்தை எந்த இடத்தில் தயங்குகிறது, பென்சில் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். தப்பு எங்கே பிறக்கிறது என்பது அப்போது தெரியும்.

மிட்டாயும் ஒன்று கையில் இருக்கட்டும்!