தடைக் கட்டை யாருக்கு?

ராமேஸ்வரம் கோயிலைச் சுற்றியுள்ள ரத வீதிகளில் மோட்டார் வண்டிகள் நுழையக் கூடாது என்கிறார்கள். வரவேற்கிறோம். அக்னி தீர்த்தத்தில் மூழ்கி, ஈரத் துணியோடும் கைக்குழந்தையோடும் நடக்கும் ஜனங்களின் முதுகுக்குப் பின்னால் கார்கள் ஊளையிடுவதை யார் விரும்புவார்கள்? கோயிலுக்குள்ளே நடப்பதற்கென்று அத்தனை நீளப் பிரகாரம் கட்டினார்கள். வெளியே நடக்க நாலடி இடம் இல்லை!

ஆனால் தடைக் கட்டை போட்டு யாரை நிறுத்தப் போகிறீர்கள்? காரையா, பஸ்ஸையா?

"எல்லா வண்டிக்கும் ஒரே சட்டம்" என்கிறார்கள் சில கனவான்கள். கேட்பதற்கு நியாயம் போலத்தான் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு டவுன் பஸ்ஸில் ஐம்பது பேர் வருகிறார்கள். அதே ஐம்பது பேருக்கு பத்துக் கார் வேண்டும். பத்தும் வீதியை அடைக்கும். நிற்க இடமும் கேட்கும். பஸ்ஸோ ஆளை இறக்கிவிட்டுப் போய்விடும். நெரிசலை உண்டாக்குவதற்கும் குறைப்பதற்கும் ஒரே தண்டனையா?

பஸ் நிலையம் கோயிலுக்கு மேற்கே சுமார் 2 கிலோ மீட்டர். காரில் வருபவர் பக்கத்து லாட்ஜில் அறை எடுத்துக்கொள்வார். பாம்பனிலிருந்து மீன் கூடையோடு வரும் பெண் என்ன செய்வார்? முதுகுளத்தூர் மிளகாய்க் காட்டில் கூலி வேலை செய்து, ஆடி அமாவாசைக்குத் தகப்பனாருக்குத் திதி கொடுக்க வரும் தொழிலாளி, கிழத் தாயைத் தோளில் சுமப்பாரா? 2021 மே முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அந்த பஸ் தடைக் கட்டையோடு நின்றுவிட்டால், மிச்சம் பிடித்த காசு ஆட்டோவுக்குப் போகும். (ஆட்டோ ஓட்டுபவரும் உழைப்பாளிதான், அவரைக் குறை சொல்லவில்லை.)

1988இல் சாலைப் பாலம் திறந்த பிறகுதான் பஸ் கடலைத் தாண்டியது. 2022 டிசம்பரில் பழைய பாலத்தில் ரயில் நின்றது. 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறக்கும் வரை, கார் இல்லாதவர்களைத் தீவில் கொண்டுசேர்த்தது இந்த பஸ்தான்.

பிரேசில் நாட்டின் குரிச்சிபா நகரில் 1972இல் பெரிய கடைவீதி ஒன்றில் காரை நிறுத்தினார்கள். வியாபாரிகள் கூச்சல் போட்டார்கள். நகராட்சி அசரவில்லை, 1974இல் பஸ்ஸுக்கென்றே தனிப் பாதையும் ஒதுக்கியது. கார் முதலாளிகளின் சொர்க்கமான அமெரிக்காவிலேயே, மினியாபொலிஸ் நகரின் நிக்கலெட் வீதியிலிருந்து 1967இல் காரை வெளியேற்றி, நடப்பவர்களுக்கும் பஸ்ஸுக்கும் கொடுத்தார்கள்.

ரத வீதிக்குள்ளேயே பஸ் ஓடட்டும் என்று நாம் கேட்கவில்லை. அந்தக் கூட்டத்தில் பஸ்ஸும் எமன்தான். வீதி முனை வரை வரட்டும் என்கிறோம். கார்கள் ஊர் எல்லையில் நிற்கட்டும். அவற்றில் வந்தவர்களும் அதே டவுன் பஸ்ஸில் ஏறி வரட்டும். நடக்க முடியாதவர்களுக்குக் கட்டணமில்லாத பேட்டரி வண்டி ஓடட்டும். இரவு கோயில் நடை சாத்திய பிறகும் ஊர் திரும்ப ஒரு பஸ் இருக்கட்டும்.

தடைக் கட்டைக்கு உத்தரவு போடும் அன்றே பஸ் நிறுத்தங்களுக்கும் உத்தரவு போடுங்கள்: கிழக்கே ஒன்று, மேற்கே ஒன்று, வெயிலுக்குக் கூரையோடு.