கார் வாங்கும் முன் ஒரு எக்ஸெல் ஷீட் போடுங்கள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "எக்ஸெல் எல்லாம் ஆபீஸுக்குத்தானே? வீட்டில் அதற்கு என்ன வேலை?" பால் கணக்கு, மளிகைக் கணக்கு என்று வழக்கமான பதிலைச் சொல்லலாம். எனக்குப் பதினைந்து லட்ச ரூபாய் விவகாரம் ஒன்றில் அது கை கொடுத்தது. சும்மா இல்லை, என் குட்டை அம்பலப்படுத்திவிட்டுத்தான் கை கொடுத்தது.

மதுரையில் எங்கள் வீட்டில் அப்பா, அம்மா, அப்பத்தா. நான் சென்னையில் சாஃப்ட்வேர் கம்பெனியில் இருக்கிறேன். பழைய சின்னக் காரின் டிக்கியில் அப்பத்தாவின் வீல்சேர் நுழையாது. ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அது பின் சீட்டில் ஏறிக்கொள்ளும், அம்மா பஸ்ஸில் வருவார். இந்தக் கூத்து வேண்டாம் என்றுதான் நடுத்தர எஸ்யூவி ஒன்று வாங்க முடிவு செய்தோம். பட்டியலில் ஏழு பெயர்கள்: கிரெட்டா, செல்டோஸ், கிராண்ட் விட்டாரா, ஹைரைடர், எலிவேட், குஷாக், டைகுன்.

எல்லோரையும் போல நானும் முதலில் இன்டர்நெட்டில் ஒப்பீட்டுப் பக்கங்களைத்தான் திறந்தேன். இரண்டு மூன்று வண்டிகளைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, வரிசையாக டிக் மார்க் போட்டிருப்பார்கள். அங்கே கதவோரம் எரியும் கலர் விளக்குக்கும் ஒரு டிக்தான், ஆறு ஏர்பேக்குக்கும் ஒரு டிக்தான். யாருக்கு டிக் அதிகமோ அது நல்ல வண்டி போலத் தெரியும். என் கருத்தில் இந்தப் பக்கங்கள் வண்டியைப் பற்றி நிறையச் சொல்லும், உங்கள் வீட்டைப் பற்றி ஒன்றும் சொல்லாது. ஆகவே ஷீட்டை நீங்களே போடுங்கள். எக்ஸெல் இல்லாவிட்டால் லிப்ரே ஆபீஸ் கால்க் இலவசம், அதிலும் இதையெல்லாம் செய்யலாம்.

முறை எளிது. முதல் காலத்தில் உங்கள் தேவைகள், இரண்டாவது காலத்தில் ஒவ்வொரு தேவைக்கும் முக்கியத்துவ எண், எல்லாம் சேர்ந்து 100 வர வேண்டும். அடுத்தடுத்த காலங்களில் வண்டிகள். ஒவ்வொரு தேவையிலும் அந்த வண்டிக்குப் பத்துக்கு எத்தனை மார்க் என்று போடுங்கள். கீழே சம்புராடக்ட் என்ற ஃபங்ஷனைப் போட்டால் முக்கியத்துவத்தையும் மார்க்கையும் பெருக்கிக் கூட்டிக் கொடுத்துவிடும்.

இதில் சில பள்ளங்கள் உண்டு. நான் விழுந்தவற்றைச் சொல்கிறேன். டிக்கி அளவு எலிவேட்டில் 458 லிட்டர், ஏர்பேக் எண்ணிக்கை 6. இரண்டையும் அப்படியே பெருக்கினால் லிட்டர் கணக்கு மற்ற எல்லாவற்றையும் விழுங்கிவிடும். அதனால்தான் பத்துக்கு மார்க். சரி என்று மிகக் குறைந்த அளவுக்கு 0, மிக அதிக அளவுக்கு 10 என்று ஃபார்முலா எழுதினேன். இன்ஜினீயர் புத்தி! முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையிலான நீளம் கிராண்ட் விட்டாராவில் 2600 மில்லிமீட்டர், கிரெட்டாவில் 2610, எலிவேட்டில் 2650, குஷாக்கில் 2651. ஐந்து சென்டிமீட்டர் வித்தியாசம்தான். என் ஃபார்முலா ஒன்றுக்குப் பூஜ்யமும் இன்னொன்றுக்குப் பத்தும் போட்டிருந்தது. அந்த ஃபார்முலாவை அழித்துவிட்டு, 'அப்பா கால் நீட்டி உட்கார முடிகிறதா' என்று வரியை மாற்றி எழுதினேன். அதற்கு மார்க் ஷோரூமில்தான் கிடைக்கும்.

காலி செல்லும் ஆபத்து. பாரத் என்கேப் மோதல் சோதனை 2023 அக்டோபரில் தொடங்கியது, அது கட்டாயம் அல்ல. குஷாக்கும் டைகுனும் 2022-இல் குளோபல் என்கேப் சோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்கியவை. நீங்கள் பார்க்கும் மாடல் சோதனைக்கே போகாமல் இருந்தால் அந்த செல்லைக் காலியாக விடுவீர்கள். சம்புராடக்ட் காலி செல்லைப் பூஜ்யமாக எடுத்துக்கொள்ளும், அதாவது சோதிக்காத வண்டியும் சோதனையில் தோற்ற வண்டியும் ஒன்றாகிவிடும். என்ன மார்க் போடுவது என்பதை நீங்கள்தான் யோசித்துப் போட வேண்டும். நான் 3 போட்டேன்.

ஒரு மாடலுக்கு ஒரு காலம் என்று போடுவதும் தவறு. கிராண்ட் விட்டாராவின் ஸ்ட்ராங் ஹைபிரிட் லிட்டருக்கு 27.97 கிலோமீட்டர் தரும் என்பது கம்பெனி கணக்கு. ஆனால் அதில் பேட்டரி டிக்கித் தளத்துக்குக் கீழே உட்கார்ந்திருப்பதால், அதே வண்டியின் சாதாரண பெட்ரோல் மாடலைவிட டிக்கி சிறியது. வீல்சேர் வைத்திருக்கும் வீட்டுக்கு இவை இரண்டும் வேறு வேறு வண்டிகள். மைலேஜுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணத்தையும் ஷீட்டிலேயே பாருங்கள். வருடம் 10,000 கிலோமீட்டர், பெட்ரோல் 100 ரூபாய், ஒன்று 14 கிலோமீட்டரும் மற்றது 22 கிலோமீட்டரும் தருகிறது என்று வைத்துக்கொண்டால் மிச்சம் வருடத்துக்குச் சுமார் 26,000 ரூபாய். விலை வித்தியாசம் இரண்டு லட்சம் என்றால் அதை எடுக்க ஏழரை வருடத்துக்கு மேல் ஆகும். தினமும் அறுபது கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு இந்தக் கணக்கு தலைகீழாக மாறிவிடும்.

விலையில் ஷோரூம் விலையைப் போடாதீர்கள். தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் ஐந்து லட்சத்தைத் தாண்டி பத்து லட்சம் வரையிலான காருக்குச் சாலை வரி 13 சதவீதம், பத்தைத் தாண்டி இருபது லட்சம் வரை 18 சதவீதம். பதினான்கு லட்ச ரூபாய் வண்டிக்கு வரி மட்டும் 2.52 லட்சம். இன்ஷூரன்ஸ் தனி. அடுத்து தவணை. பிஎம்டி என்ற ஃபங்ஷனில் வட்டி, மாதம், கடன் தொகை கொடுத்தால் போதும். 12 லட்சம் கடன், 9 சதவீத வட்டி, ஐந்து வருடம் என்றால் மாதம் 24,910 ரூபாய். ஏழு வருடம் என்றால் 19,307. ஷோரூமில் இரண்டாவதைத்தான் சிரித்துக்கொண்டே சொன்னார்கள். மொத்த வட்டி முதலாவதில் சுமார் 2.95 லட்சம், இரண்டாவதில் சுமார் 4.22 லட்சம்.

இனி என் குட்டு. எனக்கு டர்போ இன்ஜின் வண்டி ஒன்றின் மீது ஆசை. ஒரு முறை ஓட்டிப் பார்த்ததிலேயே மனது போய்விட்டது. ஷீட்டில் அது மூன்றாவதாக வந்தது. இரவு பன்னிரண்டு மணிக்கு 'இன்ஜின் வேகம்' என்ற வரியின் முக்கியத்துவத்தை 5-லிருந்து 15 ஆக்கினேன். 'ஏறி இறங்க வசதி' என்ற வரியிலிருந்து பத்தைக் குறைத்தேன். கூட்டுத்தொகை அதே 100. என் வண்டி முதலிடத்துக்கு வந்துவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், ஏமாற்றுகிறேன் என்று அப்போது தோன்றவே இல்லை. 'யோசித்துத் திருத்துகிறேன்' என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் அப்பா பிரிண்ட் அவுட்டைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார். "ஏப்பா, நேத்து இதுல அஞ்சுதானே போட்டிருந்தே?"

"ஆமாப்பா, கொஞ்சம் மாத்துனேன்."

"அப்பத்தா வேகமா போகணும்னு கேட்டுச்சா?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. முக்கியத்துவ எண்களை அப்பாவும் அம்மாவும் அப்பத்தாவும் சொல்ல, நான் டைப் மட்டும் செய்தேன். பிறகு அந்தக் காலத்தை புரொடெக்ட் ஷீட் போட்டுப் பூட்டிவிட்டேன். பாஸ்வேர்ட் அம்மாவிடம். உங்களுக்கும் இதையே சொல்வேன்: எந்த வண்டியின் பெயரையும் டைப் செய்வதற்கு முன் எண்களை முடிவு செய்து பூட்டிவிடுங்கள். பெயர்கள் வந்த பிறகு நம் கை நம் பேச்சைக் கேட்காது.

ஷோரூம்களுக்கு வீல்சேரையும் அப்பத்தாவையும் கூட்டிப் போனோம். ஒரு இடத்தில் புரோஷரைக் காட்டி, "டிக்கி பெருசுதான் சார்" என்றார்கள். மடக்கிய வீல்சேரை வைத்துப் பார்த்தால் கதவு மூடவில்லை. கொள்ளளவு இருந்தது, வாயகலம் இல்லை. இன்னொன்றில் அப்பத்தா தானாகவே ஏறி உட்கார்ந்துவிட்டு இறங்க மறுத்துவிட்டார். அதற்குப் பத்துக்குப் பத்து போட்டோம். எதை வாங்கினோம் என்று எழுதினால் இந்தக் கட்டுரையில் அந்த ஒரு பெயர்தான் உங்கள் நினைவில் நிற்கும். அதனால் எழுதவில்லை. டர்போ இல்லை என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

போன மாதம் கோயம்புத்தூரில் இருக்கும் அக்கா அந்தப் பைலை மெயிலில் அனுப்பச் சொன்னாள். அவள் வீட்டில் இரண்டு சின்னப் பிள்ளைகள், அத்தானுக்குத் தினமும் பொள்ளாச்சி வரை போய் வர வேண்டிய வேலை. எண்களை அழித்துத் தன் எண்களைப் போட்டாள். எங்கள் ஷீட்டில் ஐந்தாவதாக வந்த ஹைபிரிட் அவளுக்கு முதலாவதாக வந்திருக்கிறது. புக் செய்துவிட்டார்கள், இன்னும் டெலிவரி வரவில்லை.