நெட்டு வயரைப் பிடுங்கினாலும் ஓடணும்!



"இந்த சாஃப்ட்வேர் சூப்பர்டா", "இந்த கேமை ஒருவாட்டி ஆடிப் பாரு", "இந்த சைட்டைப் பார்த்தியா?" இப்படி வாரத்துக்கு நாலு சுட்டியாவது ஊர்ல இருக்கற நண்பர்கள்கிட்டேருந்து வந்துடுது. எல்லாம் நல்ல சரக்குதான், குறை சொல்ல மாட்டேன். ஆனா என் பொட்டிக்குள்ள இடம் கொடுக்கறதுக்கு முன்னாடி நான் கேக்கற கேள்வி ஒண்ணே ஒண்ணுதான். நெட்டு வயரைப் பிடுங்கிட்டா இது ஓடுமா?

"இந்தக் காலத்துல இப்படி ஒரு கேள்வியா"ன்னு சிரிக்கறவங்க, இந்தியா மேப்பை எடுத்து வங்காள விரிகுடாவோட அடிப்பக்கம் விரலை வைங்க. அந்தமான் தாண்டி, கார் நிக்கோபார் தாண்டி, கமோர்ட்டா தாண்டி, மேப்போட ஓரத்துல ஒரு பெரிய புள்ளி இருக்குமே, அதான் கிரேட் நிக்கோபார். அதுல இருக்கற ஊர்தான் கேம்பல் பே. இங்கேருந்து சென்னையை விட சுமத்ரா கிட்ட. ஸ்ரீ விஜயபுரத்துக்கு (2024 வரைக்கும் போர்ட் பிளேயர்னு சொன்னோமே, அதேதான்) கடல்வழியா ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல. 2011 கணக்கெடுப்புப்படி தீவு மொத்தத்துக்கும் சுமார் 8,000 பேர். 1969லேருந்து முன்னாள் ராணுவத்தினரைக் கொண்டுவந்து குடியமர்த்தின ஊர். பஞ்சாபி, மராத்தி, தெலுங்கு, மலையாளம், தமிழ்னு ஒரே தெருவுல எல்லாம் கேக்கும். என்னை மாதிரி வேலைக்கு வந்து ஒட்டிக்கிட்டவங்க தனிக்கணக்கு.

2020 வரைக்கும் இங்க நெட்டுன்னா சாட்டிலைட் வழியாத்தான். 2020 ஆகஸ்ட் 10ஆம் தேதி சென்னை – அந்தமான் கடலடி ஆப்டிகல் ஃபைபர் கேபிளைத் திறந்து வச்சாங்க. சுமார் 2,300 கிலோமீட்டர் நீளம், 1,200 கோடிக்கு மேல செலவு. போர்ட் பிளேயரோட சேர்த்து எட்டு தீவுக்கு இணைப்பு, அதுல நம்ம தீவும் ஒண்ணு. கேபிள் வந்தது பெரிய விஷயம்ங்க, மறுக்கவே இல்லை. பசங்க பாடம் கேக்கறாங்க, ஊர்ல இருக்கற அம்மா முகத்தை வீடியோவுல பார்க்க முடியுது. ஆனா கேபிள் கடலுக்கு அடியில கிடக்கு, கரண்ட்டு டீசல் ஜெனரேட்டர்லேருந்து வருது. ரெண்டுல எதுக்கு உடம்பு சரியில்லைன்னாலும் நாம தனித்தீவுதான், நிஜமாவே.

இதை வச்சு நான் சொல்ல வர்றது தீவுக்காரன் புலம்பல் இல்லை. மாம்பலத்துல உக்கார்ந்திருக்கறவங்களுக்கும் பொருந்தற ஒரு விஷயம். அதாவது, நெட்டு தேவைப்படற விஷயம் வேற, நெட்டை கட்டாயப்படுத்தற விஷயம் வேற.

மரைன் டிராஃபிக்னு ஒரு தளம் இருக்கு. கப்பல்கள் அனுப்பற ஏ.ஐ.எஸ். சமிக்ஞையை வச்சு, எந்தக் கப்பல் எங்க போகுதுன்னு மேப்புல காட்டும். 2007ல கிரேக்க நாட்டு ஏஜியன் பல்கலைக்கழகத்துல ஆரம்பிச்சது. அதைத் திறந்து நம்ம தீவுக்குத் தெக்கால பாருங்க, மலாக்கா நீரிணைக்குப் போறதும் வர்றதுமா எறும்பு வரிசை மாதிரி கப்பல் போகும். நான் பொழுதைக் கழிக்கற முதல் இடம் அதுதான். அதே மாதிரி காத்து எப்படிச் சுத்துதுன்னு உலக உருண்டையில ஓடவிட்டுக் காட்டற எர்த் நல்ஸ்கூல், நிலநடுக்கமும் சுனாமி எச்சரிக்கையும் சொல்ற ஹைதராபாத் இன்காய்ஸ் நிறுவனத்தோட பக்கம். இதுக்கெல்லாம் நெட்டு வேணும்தான். ஏன்னா விஷயமே 'இப்போ என்ன நடக்குது'ங்கறதுதான். நியாயம்.

ஆனா ஒரு கால்குலேட்டருக்கு எதுக்கு நெட்டு? குறிப்பு எழுதிக்கற நோட்டுக்கு எதுக்கு லாகின்? தனியா உக்கார்ந்து ஆடற சுடோகுவுக்கு எதுக்கு சர்வர்? விளம்பரம் காட்டவும் நம்மைக் கணக்கெடுக்கவும்தான், வேறென்ன. நம்ம வசதிக்குன்னு சொல்லிட்டு கயிறை அவங்க கையில வச்சுக்கறாங்க. அவங்க கடையை மூடிட்டா நம்ம கையில இருக்கறதும் போயிடும்.

நடக்காததைச் சொல்லலை. 2000கள்ல ஆபீஸ்ல மேனேஜர் தலை மறைஞ்சதும் நாம ஆடின ஃப்ளாஷ் கேம்கள் எத்தனை! அடோபி 2020 டிசம்பர் 31ஓட ஃப்ளாஷுக்கு ஆதரவை நிறுத்துச்சு, 2021 ஜனவரி 12லேருந்து ஃப்ளாஷ் பிளேயர் தானாவே ஓட மறுத்துடுச்சு. பத்துப் பதினஞ்சு வருஷமா உலகம் முழுக்க யார் யாரோ சும்மா ஆசைக்குச் செஞ்சு போட்ட கேம், கார்ட்டூன் எல்லாம் ஒரே ராத்திரியில ஊமையாப் போச்சு. கொஞ்சமாவது பிழைச்சதுக்குக் காரணம் என்ன தெரியுமா? ஃப்ளாஷ்பாயிண்ட்ங்கற பேர்ல 2018லேயே சில ஆர்வலர்கள் அதையெல்லாம் இறக்கி, நெட்டு இல்லாம ஓடற மாதிரி சேர்த்து வச்சதுதான். லட்சத்துக்கும் மேல கேம் அதுல இருக்கு. காசுக்குச் செஞ்சவங்க கைவிட்டதை, கிறுக்குப் பிடிச்சவங்க காப்பாத்தினாங்க.

இன்னொரு உதாரணம். 2022ல வி.எல்.சி. பிளேயரோட வீடியோலேன் தளம் இந்தியாவுல திறக்க முடியாம தடைபட்டுக் கிடந்தது. நவம்பர்லதான் தடை நீங்குச்சு. அத்தனை மாசமும், முன்னாடியே வி.எல்.சி. வச்சிருந்த யாருக்கும் படம் பார்க்கறதுல ஒரு குறையும் இல்லை. சாஃப்ட்வேர் அவங்க பொட்டியில இருந்துச்சு. அவ்ளோதான் வித்தியாசம்.

சரி, கருத்து கந்தசாமி வேலை போதும். நம்ம பொட்டியில என்னென்ன இருக்குன்னு சொல்றேன், வேணும்கறதை எடுத்துக்கோங்க.

1. கிவிக்ஸ்: விக்கிப்பீடியா மொத்தத்தையும் ஒரே கோப்பா இறக்கி, நெட்டு இல்லாமப் படிக்கலாம். 2007லேருந்து இருக்கு. ஆங்கில விக்கியைப் படத்தோட இறக்கினா 100 ஜிபி சொச்சம் ஆகும். தமிழ் விக்கி அதுல ரொம்பச் சின்னப் பங்குதான். ஆனா ஒன்றரை லட்சம் கட்டுரைக்கு மேல இருக்கு. ஊருக்குப் போகும்போது நல்ல நெட்டுல இறக்கி பென் டிரைவ்ல கொண்டு வந்துடலாம்.

2. ஆர்கானிக் மேப்ஸ்: நெட்டு இல்லாம ஜி.பி.எஸ். வேலை செய்யாதுன்னு நிறைய பேர் நினைக்கறாங்க. தப்பு. ஜி.பி.எஸ். நேரா செயற்கைக்கோள்லேருந்து வருது. நெட்டு வேணும்கறது மேப்புப் படத்துக்குத்தான். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வச்சுட்டா காட்டுக்குள்ளயும் வழி தெரியும்.

3. ஸ்டெல்லேரியம்: ராத்திரி வானத்தை அப்படியே திரையில காட்டும். கேம்பல் பே 7 டிகிரி வடக்கு. அதனால துருவ நட்சத்திரம் தொடுவானத்துலேருந்து வெறும் 7 டிகிரி உயரத்துலதான் நிக்கும், சென்னையில 13. மே மாசம் சாயங்காலம் தெக்குப் பக்கம் திரிசங்கு ஊர்ல பார்த்ததை விட உசரமாத் தெரியும். கரண்ட்டு போற ராத்திரிதான் இதுக்கு நல்ல நேரம் :-)

4. சைமன் டேத்தம் புதிர்த் தொகுப்பு: புட்டி செஞ்ச அதே ஆளு. சுமார் நாப்பது வகைப் புதிர், விளம்பரம் இல்லை, லாகின் இல்லை, 'உயிர் தீர்ந்துடுச்சு, காசு கட்டு'ன்னு மிரட்டாது. ஒவ்வொரு தடவையும் புதுசா ஒரு புதிரை அதுவே உருவாக்கித் தரும். ஸ்ரீ விஜயபுரத்துலேருந்து கப்பல்ல வர்ற நாட்களை இதை வச்சே ஓட்டிடலாம்.

5. டைனோசர்: குரோம் உலாவியில நெட்டு போனதும் வருமே, அந்தக் கள்ளிச்செடி தாண்டற டைனோசர். 2014ல வந்தது. மாசத்துக்கு 27 கோடி தடவை ஆடறாங்கன்னு 2018ல கூகுளே சொல்லுச்சு. அதிகம் ஆடறவங்க நெட்டு சரியாக் கிடைக்காத நாட்டுக்காரங்க, இந்தியா, பிரேசில், மெக்சிகோ, இந்தோனேசியா. நம்ம சாதனை எதுல எல்லாம் இருக்கு பாருங்க!

6. மதுரைத் திட்டம்: 1998 பொங்கலன்னைக்கு, சுவிட்சர்லாந்துல இருந்த கல்யாணசுந்தரம் முன்னின்று ஆரம்பிச்சது. தன்னார்வலர்கள் தட்டச்சு செஞ்ச பழந்தமிழ் நூல்கள், இலவசம். சங்க இலக்கியத்துலேருந்து பாரதி வரைக்கும் ஒரு சின்ன பென் டிரைவ்ல அடங்கிடும்.

இந்த ஆறாவதைப் பத்தி ஒரு வார்த்தை. தமிழ் இணையமே இப்படிப்பட்ட ஆளுங்களாலதான் வளர்ந்துச்சு. எ-கலப்பை, அழகின்னு நாம தமிழ் தட்டப் பழகினதெல்லாம் பொட்டியில நிறுவினா நெட்டே கேக்காத செயலிகள். ஜெர்மனியில இருந்த சுரதா யாழ்வாணன் செஞ்ச எழுத்துருமாற்றி வெறும் ஒரு வலைப்பக்கம்தான். அதைச் சேமிச்சு வச்சுக்கிட்டா, பாமினியையும் டிஸ்கியையும் நெட்டு இல்லாமலேயே யுனிகோடா மாத்திக்கலாம். அன்னைக்கு டயல்-அப்புல நிமிஷத்துக்குக் காசு. அந்தக் கஷ்டம் தெரிஞ்சவங்க செஞ்சதால கச்சிதமா இருந்துச்சு. இப்ப செய்யறவங்க ஆபீஸ்ல நெட்டு எப்பவுமே போறதில்லை, அதான் அவங்களுக்கு நம்ம ஞாபகமே வர்றதில்லை.

இப்ப எதிர்த்தரப்பு. "எல்லாத்தையும் பொட்டியில வச்சா, பொட்டியே போயிட்டா?" இது சாதாரணக் கேள்வி இல்லை, அதுவும் இந்த ஊர்ல. 2004 டிசம்பர் 26 காலையில வந்த நிலநடுக்கம் 9.1. தீவோட தெக்கு முனையான இந்திரா முனையில நிலமே நாலேகால் மீட்டர் இறங்கிப் போச்சு, கரையில இருந்த கலங்கரை விளக்கம் தண்ணிக்குள்ள நின்னுச்சு. கேம்பல் பேக்குத் தெக்கால கரையோரமா இருந்த குடியிருப்புகள் அழிஞ்சது. ஆளே போன வீடுகளைப் பத்திப் பேச எனக்கு வார்த்தை இல்லை. பிழைச்சவங்களுக்கும் ரேஷன் கார்டு, நிலப்பட்டா, சர்ட்டிபிகேட், கல்யாண ஃபோட்டோன்னு வீட்டோட போனது போனதுதான். அன்னைக்கு அதோட ஒரு நகல் எங்கேயோ ஒரு சர்வர்ல இருந்திருந்தா எவ்வளவு அலைச்சல் மிச்சம்! அந்த வகையில 2015ல வந்த டிஜிலாக்கர் மாதிரி ஏற்பாடெல்லாம் இந்தத் தீவுக்கு வரம்.

அதனால நான் மேகக் கணிமைக்கு எதிரி இல்லை. என் கொள்கை ரொம்பச் சுருக்கம்: கையில ஒண்ணு, தூரத்துல ஒண்ணு. தூரத்துல மட்டும் இருந்தா கேபிள் போனா கையறு நிலை. கையில மட்டும் இருந்தா கடல் வந்தா கையறு நிலை. ரெண்டும் இருக்கறவன்தான் நிம்மதியாத் தூங்குவான்.

பொட்டி தட்டற சகோதர சகோதரிகளுக்கு ஒரு வேண்டுகோள். செயலியை வெளியிடறதுக்கு முன்னாடி ஃபோனை ஏரோபிளேன் மோடுல போட்டு ஒரு தடவை திறந்து பாருங்க. வெள்ளைத் திரையும் சுத்தற வட்டமும்தான் வருதுன்னா, நீங்க செஞ்சது பாதி செயலி. கடைசியாப் பார்த்ததைக் காட்டுங்க, எழுதினதை வச்சிருந்து நெட்டு வந்ததும் அனுப்புங்க, என் தகவலை நான் எடுத்துட்டுப் போக ஒரு கதவு வையுங்க. முக்கியமா அரசுச் சேவைச் செயலி செய்யறவங்க. ஓ.டி.பி. வர்றதுக்குள்ள நேரம் முடிஞ்சுபோற இடத்துலயும் குடிமக்கள் இருக்கோம் சாமி.

படிக்கறவங்களுக்கு இந்த ஞாயித்துக்கிழமை ஒரு வீட்டுப்பாடம். ரெண்டு மணி நேரம் நெட்டை நிறுத்திட்டு, உங்க பொட்டியில எது எது உங்களோடதுன்னு எண்ணிப் பாருங்க.

பி.கு: டைனோசர் ஆட்டத்தை முழுசா முடிக்க சுமார் 1 கோடியே 70 லட்சம் வருஷம் ஆகும்னு செஞ்சவங்க சொல்லியிருக்காங்க. நெட்டு வர்ற வரைக்கும் தாங்கும். ஹி ஹி.