குதிகாலைத் திருப்பிப் பார்க்கவில்லை

பெரியப்பாவின் இடது குதிகாலில் கடுகளவு கறுப்புப் புள்ளி இருந்தது. முள் தைத்த வடு என்றார். நம்பினோம். மிளகளவு ஆனபோது மரு என்றோம். அம்மான் பச்சரிசியைக் கிள்ளி, சொட்டும் பாலைத் தினமும் காலையில் வைத்துவிட்டார் பெரியம்மா. மேலே வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பற்று. புண்ணாகி நீர் வடிந்தபோது "கெட்டது வெளியேறுது" என்று தேற்றியவன் நான்தான். ஓரங்கள் கோணலாகப் பரவி எட்டணா அகலம் வந்து, தொடை இடுக்கில் நெறி கட்டிய பிறகே மருத்துவமனைக்குப் போனோம். மெலனோமா என்னும் தோல் புற்று என்றார்கள்.

கறுத்த தோலுக்குத் தோல் புற்று வராது என்று நாமாகவே முடிவு செய்துகொண்டோம். வெயிலால் வருவது நமக்குக் குறைவுதான். ஆனால் உள்ளங்காலிலும் உள்ளங்கையிலும் நகத்தடியிலும் வரும் மெலனோமாவுக்கு வெயில் தேவையில்லை. கால் நகத்தடியில் அது வந்துதான் பாப் மார்லி 1981-இல் 36 வயதில் இறந்தார்.

அம்மான் பச்சரிசியின் இனத்துச் செடி ஒன்று ஆஸ்திரேலியத் தோட்டங்களில் களையாக முளைக்கிறது. அதன் பாலை அங்கும் மருவுக்கும் வெயில் திட்டுக்கும் வைத்தார்கள். பிரிஸ்பேன் ஆய்வாளர்கள் அதிலுள்ள இன்ஜெனால் மெபுடேட்டை மருந்தாக்க முனைந்தார்கள். புற்றாக மாறக்கூடிய வெயில் திட்டுகளுக்கு இரண்டு மூன்று நாள் தடவும் களிம்பாக 2012-இல் அமெரிக்கா அதை அனுமதித்தது. நம்மூர் ஆளாக இருந்தால் அங்கேயே மாலை போட்டிருப்போம். அவர்கள் தடவியவர்களை மூன்று ஆண்டுகள் விடாமல் பார்த்தார்கள். 3.3 சதவீதம் பேருக்கு ஸ்குவாமஸ் வகைத் தோல் புற்று வந்திருந்தது. வேறு களிம்பு தடவியவர்களில் 0.4 சதவீதம்தான். 2020-இல் ஐரோப்பாவில் அந்த மருந்து விலக்கிக்கொள்ளப்பட்டது.

நாம் எத்தனை தலைமுறையாகப் பால் வைக்கிறோம்! வைத்த ஒருவரையாவது மூன்று மாதம் கழித்துக் கூப்பிட்டு, காலைக் காட்டுங்கள் என்று கேட்டதுண்டா? உதிர்ந்தது மருதானா என்று பார்த்ததுண்டா? ஆறியவர் கதையைத் திண்ணைதோறும் சொன்னோம். ஆறாதவர் கதையைத் தலையெழுத்து என்று மூடிவிட்டோம்.

மூலிகைப் பக்கம் எழுதும் எங்கள் கை இன்னும் அழுக்கு. எந்தச் செடியைப் பற்றி எழுதினாலும் கடைசியில் "புற்றுநோய்க்கும் நல்லது" என்று ஒரு வரி சேர்த்தோம். எந்தப் புற்று, எந்த நிலையில், எவ்வளவு மருந்து என்று எழுதவில்லை. மஞ்சளின் குர்குமின் ஆய்வகத் தட்டில் மெலனோமா செல்களைக் கொல்வது உண்மை. தட்டு வேறு, மனிதனின் குதிகால் வேறு என்பதைச் சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. பெரியம்மா கத்தரித்து வைத்திருந்த பக்கங்களில் நான் எழுதியதும் இருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை டார்ச் அடித்து அம்மாவின் உள்ளங்காலைப் பார்த்தேன். கூச்சத்தில் காலை இழுத்துக்கொண்டார். கெஞ்சிக் கேட்டு மறுபடி பார்த்தேன். வெடிப்புகளுக்கு நடுவே, இத்தனை வருடத்தில் நான் ஒருமுறைகூடக் கண்டிராத நீளமான பழைய தழும்பு ஒன்று இருந்தது.