பரிசலில் போனால் நீர்நாய் தெரியுமா? ஒகேனக்கல்லில் அருவியைத் தாண்டி என்ன இருக்கிறது

மேச்சேரி, நங்கவள்ளி பக்கத்து வீடுகளுக்கு வெளியூர் விருந்தாளி வந்தால் கூட்டிப்போக இரண்டே இடம்தான். ஒன்று மேட்டூர் அணையும் பூங்காவும். இன்னொன்று, பென்னாகரம் வழியாக ஒகேனக்கல். வண்டி ஏறும் முன் கேட்கப்படும் கேள்வியும் எப்போதும் ஒன்றுதான்: "தண்ணி எவ்ளோ வருது? பரிசல் விடுறாங்களா?"

அதற்குப் பதிலாக ஆண்டுதோறும் பலமுறை ஒரே மாதிரி செய்தி வருகிறது. நீர்வரத்து அதிகரிப்பு, பரிசல் இயக்கவும் அருவியில் குளிக்கவும் தடை. சில நாள் கழித்து, தடை நீக்கம், சுற்றுலாப் பயணிகள் மகிழ்ச்சி. எண்ணெய்க் குளியல், மீன் வறுவல், ஐந்தருவி எல்லாம் அந்தச் செய்தியில் இருக்கும். பரிசல் மிதக்கும் அந்த ஆற்றில் வேறு யார் குடியிருக்கிறார்கள் என்பது மட்டும் இருக்காது.

குடியிருப்பவர்கள் சாதாரண ஆட்கள் இல்லை. 2022 நவம்பரில் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டக் காப்புக்காடுகளில் 686.406 சதுர கிலோமீட்டரை 'காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயம்' என்று தமிழ்நாடு அரசு அறிவித்தது. மாநிலத்தின் 17-ஆவது சரணாலயம் அது. அறிவிக்கும்போது அரசு சொன்ன கணக்கு: 35 வகைப் பாலூட்டிகள், 238 வகைப் பறவைகள். மற்ற சரணாலயங்களில் எளிதில் கிடைக்காதவை என்று தனியாகக் குறிப்பிட்ட பட்டியலில் லீத் மென்னோட்டு ஆமை, நீர்நாய், சதுப்பு முதலை, நாற்கொம்பு மான் ஆகியவை இருந்தன. அந்த நான்கில் முதல் மூன்றும் ஆற்றை நம்பி வாழ்பவை.

ஏற்கெனவே 2014-இல் அறிவிக்கப்பட்ட காவிரி வடக்கு சரணாலயம் (504.33 சதுர கி.மீ.) ஒரு பக்கம், கர்நாடகத்தின் காவிரி வனவிலங்கு சரணாலயம் இன்னொரு பக்கம். இரண்டையும் தெற்கு சரணாலயம் இணைக்கிறது. அதாவது மேகதாது பக்கமிருந்து ஒகேனக்கல் நோக்கி இறங்கும் காவிரி, நெடுந்தூரம் இரண்டு கரையிலும் காடாகவே வருகிறது. தென்னிந்தியாவில் ஒரு பெரிய ஆறு இப்படி ஓடும் இடங்கள் மிகக் குறைவு.

அப்போ பரிசலில் போனால் இதெல்லாம் தெரியுமா?

தெரியலாம். ஆனால் இப்போது பரிசல் ஓடும் விதத்தில் பெரும்பாலும் தெரியாது.

இன்றைய சவாரியின் நோக்கமே வேறு. சின்னாறு, கோத்திக்கல் பரிசல் துறைகளில் ஏறி, பிரதான அருவியைப் பக்கத்தில் பார்த்து, மணல்திட்டில் இறங்கி, போட்டோ எடுத்துத் திரும்புவது. ஒரு பரிசலில் முன்பின் தெரியாத நாலைந்து பேர். ஒருத்தருக்குப் பயம், ஒருத்தருக்கு செல்பி, குழந்தைக்குப் பரிசல் சுத்தணும். பரிசல்காரரும் துடுப்பை ஒரு போடு போட்டு பம்பரம் மாதிரிச் சுற்றிக் காட்டுவார். நீர்நாய் இதற்கெல்லாம் காத்திருக்காது. அது கூட்டமாக வாழும், நன்றாகக் காது கேட்கும், ஆள் சத்தம் வந்தால் பாறை இடுக்கில் மறைந்துவிடும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. காட்டுயிர் பார்க்க ஆற்றில் போவதற்கு என்ன ஊர்தி வேண்டும் என்று கேட்டால், பரிசலைவிடப் பொருத்தமானதைச் சொல்வது கடினம். மூங்கில் பிளாச்சில் பின்னி, ஒரு காலத்தில் தோலும் இப்போது பிளாஸ்டிக் தாளும் போர்த்தித் தார் பூசிய வட்டக்கூடை அது. இன்ஜின் இல்லை, டீசல் வாடை இல்லை, அலை எழுப்பாது. ஒரு சாண் தண்ணீரிலும் மிதக்கும், பாறை வந்தால் பரிசல்காரரே தலையில் கவிழ்த்துத் தூக்கிக்கொண்டு நடந்துவிடுவார். எந்தப் பாறையில் முதலை வெயில் காயும், எந்த நீர்மருது மரத்தில் சாம்பல் நிற மலை அணில் கூடு கட்டும் என்பதைத் தினமும் அதே ஆற்றில் துடுப்புப் போடுபவரைவிட யாரால் சொல்ல முடியும்? அந்த அறிவுக்கு மட்டும் இப்போது கட்டணம் இல்லை. அருவிக்குத்தான் கட்டணம்.

எந்த மாதம் போகணும்?

இங்கேதான் கணக்கு சிக்கலாகிறது.

ஒகேனக்கல் தண்ணீர் தமிழ்நாட்டு மழையை மட்டும் நம்பியது அல்ல. கிருஷ்ணராஜ சாகரும் கபினியும் நிரம்பி உபரியைத் திறந்தால் ஓரிரு நாளில் அது எல்லையில் உள்ள பிலிகுண்டுலுவைத் தொடும். அங்கே மத்திய நீர்வள ஆணையத்தின் அளவு நிலையம் இருக்கிறது. 2018 பிப்ரவரி 16 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம், கர்நாடகம் ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. தரவேண்டும் என்று சொன்னதும் அந்த இடத்தில் அளப்பதை வைத்துத்தான். டெல்டாவுக்கு உயிர்நாடியான அந்த எண், ஒகேனக்கல் பரிசல்காரருக்கு அன்றைய அடுப்பு எரியுமா என்பதைச் சொல்லும் எண். நீர்வரத்து ஏறினால் மாவட்ட நிர்வாகம் தடை போடும். தடை நாளில் சவாரி இல்லை, சவாரி இல்லாத நாளில் கூலி இல்லை.

தடை தேவையற்றது என்று யாரும் சொல்ல முடியாது. 2015 மார்ச்சில் பரிசல் கவிழ்ந்து சுற்றுலாப் பயணிகள் இறந்தார்கள். வெள்ளமே இல்லாத மாதம் அது. அதற்குப் பிறகே ஆள் எண்ணிக்கையிலும் உயிர்காப்பு உடையிலும் கெடுபிடி வந்தது. ஆனால் நல்ல மழை ஆண்டு என்பது மேட்டூருக்குக் கொண்டாட்டமாகவும் பரிசல்துறைக்குப் பட்டினியாகவும் இருப்பதைக் கவனிக்க வேண்டும். மேட்டூர் அணை 2024 ஜூலை 30-இல் 43-ஆவது முறையாகவும், 2025 ஜூன் 29-இல் 44-ஆவது முறையாகவும் 120 அடியைத் தொட்டது. அந்த வாரங்களில் ஒகேனக்கல்லில் பாறைகளே தெரியவில்லை, பரிசல் எங்கே விடுவது?

விலங்குகளைப் பார்க்க ஏற்ற காலம் இதற்கு நேர் எதிரானது. பிப்ரவரி, மார்ச்சில் ஆறு ஒடுங்கும். பாறையும் மணலும் வெளியே வரும். முதலைகள் வெயில் காய ஏறும். காடு காய்வதால் யானைக் கூட்டம் ஆற்றுக்கு இறங்கும். நீர்நாய்க்கு மீன் பிடிக்கத் தேங்கிய மடுக்கள் கிடைக்கும். அருவி மெலிந்து, பிள்ளைகளுக்குப் பரீட்சை நெருங்கி, கூட்டம் குறையும் மாதங்களும் இவைதான். அருவியைக் காட்டிச் சம்பாதிக்க முடியாத நாள்களில் ஆற்றைக் காட்டிச் சம்பாதிக்கலாம் என்பது காகிதத்தில் அழகான யோசனை.

காகிதத்தில் மட்டும். ஏனென்றால் சதுப்பு முதலை ஆற்றோர மணலில் குழி தோண்டி முட்டையிடும் பருவமும் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரைதான். அந்த மணல்தான் பயணிகள் இறங்கி உட்கார்ந்து மீன் வறுவல் சாப்பிடும் மணலும். ஆமைக்கும் அதே மணல். ஆகவே காட்டுயிர்ப் பயணம் என்று ஒன்றை யோசித்தால் முதல் விதி, பரிசலை விட்டு யாரும் இறங்கக் கூடாது என்பதாகத்தான் இருக்க முடியும். வண்டி எடுத்து, மணிக்கணக்காகப் பயணம் செய்து வந்தவரிடம் 'கால் நனைக்கக் கூடாது' என்று சொல்லிப் பாருங்கள்.

இதே காவிரியில் வேறு எங்காவது நடக்கிறதா?

நடக்கிறது. ஸ்ரீரங்கப்பட்டணம் அருகே ரங்கனதிட்டு. பறவையியலாளர் சாலிம் அலி எடுத்துச் சொல்லி 1940-இல் சரணாலயமான சிறு தீவுக்கூட்டம், 2022-இல் ராம்சர் ஈரநிலமும் ஆனது. வனத்துறைப் படகோட்டி துடுப்புப் போட்டு அழைத்துப்போவார். நாரைக் கூட்டுக்கு அடியிலேயே பாறையில் முதலை படுத்திருக்கும். யாரும் தீவில் இறங்குவதில்லை. கிருஷ்ணராஜ சாகரில் திறந்துவிட்டால் அங்கும் படகு நிற்கும். ஒகேனக்கல்லில் பரிசலை நிறுத்தும் அதே தண்ணீர்தான்.

கொஞ்சம் கீழே, பீமேஸ்வரி பக்கம் கதை வேறு. மாசீர் மீனைத் தூண்டிலில் பிடித்து, எடை பார்த்து, திரும்ப ஆற்றில் விடும் முகாம்களுக்கு அந்தப் பகுதி உலகப் புகழ் பெற்றிருந்தது. சரணாலயத்துக்குள் மீன் பிடிப்பதும் வேட்டையில் சேரும் என்ற சட்ட விளக்கம் வந்த பிறகு அது நின்றது. முகாம்கள் இருந்ததால்தான் வெடி வைத்து மீன் பிடிப்பவர்கள் ஒதுங்கியிருந்தார்கள் என்ற வாதம் இன்றும் ஓயவில்லை. காவிரிக்கே உரிய அந்தத் திமில் மாசீர், 2018-இல் அழிவின் விளிம்பில் உள்ள இனமாக உலகப் பட்டியலில் ஏறியது.

தமிழ்நாட்டில் பிச்சாவரத்தைச் சொல்வார்கள். அங்கே துடுப்புப் படகும் உண்டு, மோட்டார் படகும் உண்டு. சுரபுன்னைக் கால்வாய்க்குள் நுழைவது துடுப்புப் படகு. அகன்ற நீரில் சீறுவது மோட்டார். எதில் போனவர் பறவை பார்த்திருப்பார் என்று சொல்லத் தேவையில்லை. மலேசியாவில் சபா மாநிலத்தின் கினபத்தாங்கான் ஆற்றில் தும்பிமூக்குக் குரங்கையும் யானையையும் படகிலிருந்து பார்ப்பது பெரிய தொழில். பத்து பூத்தே கிராமத்தில் ஊர்க்காரர்களே வீட்டில் தங்கவைத்து, படகும் ஓட்டி, வருமானத்தை ஊருக்குள் வைத்துக்கொள்ளும் ஏற்பாடு உண்டு. ஒகேனக்கல்லுக்கும் ஊட்டமலைக்கும் யோசிக்கத் தக்கது அதுதான். படகு யாருடையது என்பது, விலங்கு தெரிகிறதா என்பதற்குச் சமமான கேள்வி.

சட்டம் அனுமதிக்குமா?

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972, சரணாலயத்துக்குள் நுழைய அனுமதி வேண்டும் என்கிறது. அந்த அனுமதியைத் தரக்கூடிய காரணங்களில் சுற்றுலாவும் ஒன்று, தலைமை வனவிலங்குக் காப்பாளர் தரலாம். வணிக விடுதி கட்டுவதற்குத்தான் தேசிய வாரியம் வரை போகவேண்டும். 2022 திருத்தத்துக்குப் பிறகு நீர்நாய்க்குக் கிடைப்பது புலிக்குக் கிடைக்கும் அதே முதல் அட்டவணைப் பாதுகாப்பு. ஆக, வழி இருக்கிறது. கட்டுப்பாடுகளுடன்.

ஆனால் இந்த ஆற்றில் சட்டம் எல்லோர் மீதும் ஒரே மாதிரி விழுவதில்லை. 2023 பிப்ரவரியில் கொளத்தூர் அருகே கோவிந்தபாடியைச் சேர்ந்த ஒருவர், பாலாறு பகுதிக்குப் பரிசலில் போய்த் திரும்பவில்லை. சில நாள் கழித்து உடல் ஆற்றில் கிடைத்தது. மான் வேட்டைக்கு வந்தவர்களை நோக்கிச் சுட்டதாகக் கர்நாடக வனத்துறை தரப்பு சொன்னது. மீன் பிடிக்கப் போனவர் என்றார்கள் குடும்பத்தினர். எல்லைச் சோதனைச்சாவடியில் பதற்றம், பேருந்து நிறுத்தம் என்று அந்த வாரம் கழிந்தது. மேச்சேரியிலிருந்து அந்த ஊர் ரொம்பத் தூரமில்லை. சுற்றுலாப் பயணிக்கு முதலை காட்டும் அதே ஆறு, வலை போடுகிறவருக்கு எந்த இடத்தில் யார் எல்லை என்று தெரியாத ஆறு. நீர்நாய் வலையைக் கிழிக்கும், மீனைத் தின்னும். அதைப் பாதுகாக்கும் செலவில் ஒரு பங்கு ஏற்கெனவே மீனவர் வலையிலிருந்துதான் போகிறது. காட்டுயிர்ப் பயணத்தின் வரவில் அவருக்குப் பங்கில்லை என்றால், அவர் ஏன் நீர்நாயை விட்டுவைக்க வேண்டும்?

மேட்டூர் நீர்த்தேக்கத்தில் என்ன பார்க்கலாம்?

1925-இல் தொடங்கி 1934-இல் முடிந்த ஸ்டான்லி அணை, 93.47 டி.எம்.சி. கொள்ளும். நிரம்பினால் கடல் மாதிரி. வற்றினால் பண்ணவாடியில் மூழ்கிக் கிடந்த ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தி தலை காட்டும், விலகிய நீருக்குப் பின்னாலேயே போய் ஜனங்கள் சோளமும் ராகியும் விதைப்பார்கள். அந்தச் சேற்றோரம்தான் பறவைகளின் இடம்: நீர்க்காகம், பாம்புத்தாரா, நாரை, கொக்கு. பண்ணவாடியிலிருந்து நாகமரைக்கும், கோட்டையூரிலிருந்து ஒட்டனூருக்கும் அக்கரை போகிறவர்கள் பள்ளிக்கூடப் பையோடும் மோட்டார் பைக்கோடும் படகில் ஏறித் தினமும் இதைக் கடந்து போகிறார்கள். யாரும் அதைக் காட்டுயிர்ப் பயணம் என்று சொல்வதில்லை. படகுச் சவாரி வேண்டும் என்ற கோரிக்கை மேட்டூரில் எழும்போதெல்லாம் மனதில் இருப்பது வேக மோட்டார் படகுதான். அது வந்தால் சேற்றோரப் பறவை முதலில் கிளம்பும், அடுத்து மீனவர் வலை அறும்.

இப்போதைக்கு, இருக்கிற சவாரியிலேயே ஏதாவது பார்க்க நினைப்பவர்கள் செய்யக்கூடியவை சில. பிலிகுண்டுலு நீர்வரத்தை முந்தின நாளே பார்த்துக்கொள்வது. காலையில் முதல் பரிசலில் ஏறுவது. கூட வருபவர்களிடம் பத்து நிமிடம் பேசாமல் இருக்கச் சொல்வது, முடிந்தால். 'சுத்திக் காட்டவா?' என்று பரிசல்காரர் கேட்டால், 'வேண்டாம்ணா, முதலை எங்க படுத்திருக்கும்னு காட்டுங்க' என்பது. அதற்கும் சேர்த்துக் கூலி கொடுப்பது.