காது மந்தமானால் கார் சாவியைக் கொடுத்துவிட வேண்டுமா?

அறுபது தாண்டியவர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு சர்க்கரை, கண்புரை, முழங்கால் என்று போகும். யார் எந்த டாக்டரிடம் போனார், எவ்வளவு செலவானது என்பதெல்லாம் விவரமாக வந்துவிடும். காதைப் பற்றி மட்டும் ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள். அதிலும் "காது மந்தமாகிவிட்டது, ஆனாலும் வண்டி ஓட்டுகிறேன்" என்று சொல்ல யாருக்கும் மனசு வராது. சொன்னால் மகன் சாவியை வாங்கி பீரோவில் வைத்துவிடுவான் என்ற பயம்தான்.

அந்தப் பயத்தைப் பற்றி எனக்கு ஒரு கருத்து உண்டு. அதைச் சொல்லும் தகுதியும் கொஞ்சம் உண்டு. எனக்கு வயது 72. கோவையில் ஒரு நூற்பாலையில் 34 வருடம் ஸ்பின்னிங் பகுதியில் வேலை பார்த்தவன். ரிங் ஃப்ரேம்கள் ஓடும்போது பக்கத்தில் நிற்கிற ஆளிடம் காதுக்குள் கத்தினால்தான் கேட்கும். பஞ்சுக்குப் பஞ்சமே இல்லாத இடம், ஆனால் அதைக் காதில் வைத்துக்கொண்டவர் ஒருவரும் கிடையாது. வயசும் மில்லும் சேர்ந்து தங்கள் வேலையைக் காட்டிவிட்டன. நாலு வருடமாக இரண்டு காதிலும் கருவி மாட்டியிருக்கிறேன். காரும் ஓட்டுகிறேன், ஸ்கூட்டரும் ஓட்டுகிறேன்.

முதலில் இந்தக் காது எப்படிக் கெடுகிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. உள்காதில் நத்தை ஓடு போலச் சுருண்ட ஓர் உறுப்பு இருக்கிறது. அதற்குள்ளே மயிரிழை போன்ற நுனிகள் கொண்ட செல்கள் வரிசையாக நிற்கின்றன. அவை ஒருமுறை செத்தால் மறுபடி முளைப்பதில்லை. கீச்சென்ற, உயர்ந்த சுருதி ஒலிகளை வாங்கும் செல்கள் அந்த நத்தை ஓட்டின் வாசலிலேயே இருக்கின்றன. வயதானால் முதலில் தேய்வது அவைதான். கனத்த, தாழ்ந்த சுருதி ஒலிகளை வாங்கும் செல்கள் உள்ளே தள்ளி இருப்பதால் அவை ரொம்ப நாள் தாங்குகின்றன.

இதனால்தான் நம்மில் பலர் ஏமாந்து போகிறோம். "எனக்கா காது கேட்கவில்லை? லாரி ஹார்ன் கேட்கிறது, பஸ் வருவது கேட்கிறது, பக்கத்து வீட்டு ஜெனரேட்டர் சத்தம் தூங்கவிட மாட்டேன் என்கிறது" என்போம். அத்தனையும் உண்மை. ஆனால் அவையெல்லாம் கனத்த சத்தங்கள். கேட்காமல் போனது எது என்று நமக்கே தெரியாது, ஏனென்றால் அதுதான் கேட்கவில்லையே!

வண்டி ஓட்டும்போது நமக்குத் தெரியாமல் போகிற ஒலிகள் எவை என்று ஒரு பட்டியல் போட்டுப் பார்த்தேன்.

1. இண்டிகேட்டரின் டிக் டிக் சத்தம். பெரியவர்கள் பலர் இண்டிகேட்டரைப் போட்டுவிட்டு ஒரு கிலோமீட்டர் அப்படியே போவது மறதியால்தான் என்று எல்லோரும் சிரிக்கிறார்கள். பாதி நேரம் அது காதால்.

2. சைக்கிள் மணி. மெல்லிய, உயர்ந்த சுருதி.

3. பிரேக் தேய்ந்தால் வரும் கீச்சு சத்தம். பல கார்களில் பிரேக் பேட் தேயும்போது கீச்சிட்டு எச்சரிப்பதற்கென்றே ஒரு சின்னத் தகடு வைத்திருக்கிறார்கள். அது கத்திக்கொண்டே இருக்கும். நாம் நிம்மதியாக ஓட்டிக்கொண்டிருப்போம்.

4. ஆம்புலன்ஸ் சைரன். கேட்காமல் போகாது. ஆனால் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பது குழம்பிவிடும். ஒரு சத்தம் ஒரு காதுக்கு முந்தியும் மற்ற காதுக்குப் பிந்தியும் வருகிறது. அந்த வித்தியாசம் ஒரு விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அதை வைத்துத்தான் மூளை திசையைக் கண்டுபிடிக்கிறது. இரண்டு காதும் ஒழுங்காக இல்லாவிட்டால் இந்தக் கணக்கு தப்பிவிடும்.

5. பேட்டரி ஸ்கூட்டர்களும் பேட்டரி ஆட்டோக்களும். மெதுவாக வரும்போது நல்ல காதுக்கே அவை கேட்பதில்லை.

நம் ஊர் ரோட்டில் இது இன்னும் பெரிய விஷயம். லாரிகளின் பின்னால் "சவுண்ட் ஹார்ன்" என்று எழுதி வைத்து வளர்ந்த ஊர் இது. முந்தப் போகிறவன் சத்தம் கொடுக்க வேண்டும், முன்னே போகிறவன் அதைக் கேட்டு ஒதுங்க வேண்டும் என்பதுதான் நாம் பழகிய பாஷை. அதை நம்பி ஸ்கூட்டரின் கண்ணாடியைத் தலை சீவ மட்டும் பயன்படுத்தியவர்கள் எத்தனை பேர்! ஐம்பது வருடம் காதால் ஓட்டியவனுக்கு அறுபது வயதுக்கு மேல் காது போனால், பார்வை இருந்தும் பாதி ரோடு இருட்டுதான்.

அப்படியானால் சாவியைக் கொடுத்துவிட வேண்டியதுதானா? நான் இல்லை என்கிறேன்.

பிறவியிலேயே காது கேளாதவர்கள் வண்டி ஓட்டலாமா என்ற கேள்வி நம் நாட்டில் நீதிமன்றம் வரை போனது. காது கேளாதவர் என்ற ஒரே காரணத்துக்காக லைசென்ஸ் விண்ணப்பத்தைத் தள்ளக் கூடாது, சோதனை வைத்துத் தேறினால் கொடுக்க வேண்டும் என்ற வழியை 2011-ல் டெல்லி உயர்நீதிமன்றம் திறந்துவிட்டது. 2016-ல் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகமும், வண்டி ஓட்டுவது பெரும்பாலும் கண்ணின் வேலை என்ற மருத்துவர்களின் கருத்தை ஏற்று மாநிலங்களுக்கு எழுதியது. ஒரு சத்தமும் கேட்காத இளைஞன் ஒழுங்காக ஓட்ட முடியும் என்றால், பாதி கேட்கிற நாம் ஏன் முடியாது?

ஒரு வித்தியாசம் இருக்கிறது. அந்த இளைஞனுக்குத் தனக்குக் கேட்காது என்று தெரியும். ஆகவே கண்ணாடியை விநாடிக்கு விநாடி பார்க்கிறான். நமக்கு அது தெரியாது. என் கருத்தில் ரோட்டில் ஆபத்து இந்தத் தெரியாமையில்தான் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 60 வயது தாண்டியவர்களில் நாலில் ஒருவருக்கு மேல், அன்றாட வாழ்க்கையைப் பாதிக்கிற அளவுக்குச் செவித்திறன் குறைந்திருக்கிறது. அவர்களில் எத்தனை பேர் ஒருமுறையாவது சோதித்துப் பார்த்திருப்பார்கள்?

எங்கள் தெருவில் என்னைவிட மூன்று வயது மூத்தவர் ஒருவர். நான் அண்ணா என்று கூப்பிடுவேன். ஒரு நாள் அவருடைய மகன் என்னிடம் வந்து, "சித்தப்பா, அப்பாவுக்குக் காது கேக்கறதில்லீங்க. வண்டிச் சாவிய வாங்கி வெச்சுட்டேன். ஏதாச்சும் ஆச்சுன்னா யாருங்க பதில் சொல்றது?" என்றான்.

"காது டெஸ்ட் எடுத்துப் பாத்தியா கண்ணு?" என்றேன்.

"இல்லீங்க."

அவன் மேல் தப்பு சொல்லமாட்டேன், பாசத்தில் செய்கிறான். ஆனால் வரிசை மாறிவிட்டது. கண் மங்கினால் முதலில் கண்ணாடி போடுகிறோம், யாரும் சாவியைப் பிடுங்குவதில்லை. காது மங்கினால் மட்டும் ஏன் சாவி முதலில் போகிறது? சாவி இல்லாத அந்த ஒரு மாதத்தில் அண்ணா சிங்காநல்லூர் உழவர் சந்தைக்குப் போகவில்லை, கோவிலுக்குப் போகவில்லை, சங்கக் கூட்டத்துக்கும் வரவில்லை. வாசலில் சேர் போட்டு உட்கார்ந்திருந்தார். காது கேட்காதவருக்கு ஏற்கனவே பாதி உலகம் மூடிவிட்டது. போக்குவரத்தையும் மூடினால் மிச்சம் என்ன இருக்கும்? கவனிக்காமல் விட்ட செவிக்குறைவு ஞாபக மறதி நோய்க்கு வழிவகுக்கும் காரணங்களில் ஒன்று என்று மருத்துவர்களும் சொல்கிறார்கள்.

மகன் கூட்டிப் போனான். ஒரு மணி நேரத்துக்குள் சோதனை முடிந்தது. கருவி மாட்டிப் பழக இரண்டு மாதம் ஆனது. சில நாட்கள் மகன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தான். பிறகு பகலில் மட்டும் ஓட்டுவது என்று இருவரும் பேசி முடிவு செய்தார்கள்.

எனக்குப் பயன்பட்டவற்றைச் சொல்கிறேன். வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று, இரண்டு காதிலும் குறை இருந்தால் இரண்டுக்கும் கருவி வாங்குங்கள். செலவைப் பார்த்து ஒன்றோடு நிறுத்தினால் பேச்சு ஓரளவு புரியும், திசை புரியாது. ரோட்டில் திசைதான் முக்கியம்.

இரண்டு, ஸ்கூட்டர் ஓட்டுபவர் கருவி வாங்கப் போகும்போது ஹெல்மெட்டையும் எடுத்துக்கொண்டு போங்கள். காதுக்குப் பின்னால் மாட்டும் வகை ஹெல்மெட்டில் அழுந்தும், சில சமயம் விசில் அடிக்கும். அங்கேயே மாட்டிப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். கருவிக்காக ஹெல்மெட்டை விடுவதும் ஹெல்மெட்டுக்காகக் கருவியை விடுவதும் வேண்டாம்.

மூன்று, காரில் பாட்டை நிறுத்துங்கள். ஏசி காற்றாடியின் வேகத்தைக் குறையுங்கள். கண்ணாடியை முழுவதும் இறக்கினால் காற்றின் இரைச்சல் கருவிக்குள் புகுந்து மற்றதை மறைத்துவிடும்.

நாலு, ஓடும் வண்டியில் பேச்சு வேண்டாம். காது மந்தமானவர்கள் தம்மை அறியாமல் பேசுகிறவரின் உதட்டைப் பார்க்கத் திரும்புவார்கள். அந்த இரண்டு விநாடி போதும். என் வீட்டுக்காரம்மா இப்போது இடது பக்கம் திரும்ப வேண்டுமானால் இடது கையை நீட்டுகிறார், நேராக என்றால் முன்னே காட்டுகிறார். மற்ற விஷயங்கள் எல்லாம், "ஏனுங்க, வண்டிய நிறுத்துனதும் சொல்றனுங்க" என்று தள்ளிவைக்கப்படும். 45 வருட இல்லறத்தில் இப்படி ஒரு சலுகை கிடைக்கும் என்று நான் நினைக்கவே இல்லை.

ஐந்து, மூன்று கண்ணாடிகளையும் மாற்றி மாற்றிப் பாருங்கள். திரும்பி முடித்ததும் டேஷ்போர்டில் அம்புக்குறி அணைந்ததா என்று கண்ணால் பாருங்கள். பிரேக் பேடை சர்வீஸின்போது கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், கீச்சு வரட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

ஆறு, மாற்று பேட்டரி ஒரு அட்டை எப்போதும் சட்டைப் பையில் இருக்கட்டும். சின்ன பட்டன் பேட்டரி ஒன்றிரண்டு வாரத்துக்கு மேல் தாங்காது, போகும்போது சொல்லிக்கொண்டும் போகாது.

இனி அரசாங்கத்துக்கு ஒரு வார்த்தை. 2019 திருத்தத்துக்குப் பிறகு 55 தாண்டியவர்களுக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை லைசென்ஸ் புதுப்பிக்கிறார்கள். நாற்பது தாண்டியவர்கள் கொடுக்க வேண்டிய மருத்துவச் சான்றிதழ் படிவத்தில், சாதாரண ஒலி எச்சரிக்கைகளைக் கேட்கமுடியாத அளவு செவிடு உண்டா என்று டாக்டரைக் கேட்கும் கேள்வியும் இருக்கிறது. நான் பார்த்தவரை அந்தக் கேள்விக்குப் பதில் எழுதப்படும் விதம் இதுதான்: டாக்டர் பெயரைக் கேட்பார், நாம் சொல்வோம், காது கேட்கிறது என்று கையெழுத்துப் போடுவார். அமைதியான அறையில் எதிரே உட்கார்ந்து கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல எனக்குக் கருவியே தேவையில்லை. அதற்குப் பதிலாக 60 வயதுக்கு மேல் புதுப்பிக்கும்போது ஒரு ஆடியோகிராம் இணைக்கச் சொல்லலாம். தேறினாரா, தோற்றாரா என்று பார்ப்பதற்காக அல்ல. சோதனை நடந்தது, அவருக்கு அவருடைய காது தெரியும் என்பதற்கு ஒரு சாட்சி, அவ்வளவுதான். காதைச் சோதித்தால் லைசென்ஸ் போய்விடும் என்று ஆக்கினால் ஒருவரும் சோதிக்கமாட்டார்கள்.

கருவியின் விலை சாமானியர்களுக்குச் சுமைதான். ஜி.எஸ்.டி. கிடையாது என்பது ஒரு சின்ன ஆறுதல். வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ள முதியோருக்கு 2017 முதல் நடக்கும் ராஷ்ட்ரிய வயோஸ்ரீ யோஜனா திட்டத்தில் காது கருவியும் இலவசமாகக் கொடுக்கிறார்கள். தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்குச் சொல்லுங்கள்.

எப்போது நிறுத்துவது என்று கேட்பீர்கள். என் கணக்கு சுலபம். ரோட்டில் நம்மைக் காப்பவை கண், காது, கழுத்து. இவற்றில் காது ஒன்று மட்டும் குறைந்தால் மற்ற இரண்டும் ஈடு கட்டும். இரண்டு குறைந்தால் ஈடு கட்ட ஆளில்லை. மேலே சொன்ன அண்ணா ஒன்றரை வருடம் ஓட்டினார். பிறகு கழுத்து எலும்புத் தேய்மானம் வந்து பின்னால் திரும்பிப் பார்க்க முடியாமல் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரே சாவியை மகன் கையில் கொடுத்துவிட்டார். இப்போது என் வண்டியில்தான் சந்தைக்கு வருகிறார். பிடுங்கப்பட்ட சாவிக்கும் கொடுத்த சாவிக்கும் உள்ள வித்தியாசம் அவர் முகத்தில் தெரிகிறது.

உங்கள் லைசென்ஸை எடுத்து, எந்தத் தேதி வரை செல்லும் என்று இன்றைக்கே பாருங்கள். அந்தத் தேதிக்கு முன்னால் ஒரு காலை நேரம் ஒதுக்கிக் காதைச் சோதித்துக்கொள்ளுங்கள். மகன் கேட்கும் முன்பே அந்தக் காகிதம் உங்கள் கையில் இருக்கட்டும்.