பழகின உடம்பு என்றொரு சாக்கு

"நமக்கெல்லாம் வெயில் பழகின உடம்பு, ஒண்ணும் ஆகாது." கட்டட வேலை நடக்கும் இடங்களில் மேஸ்திரி முதல் காண்ட்ராக்டர் வரை சொல்லும் பேச்சு இது. இந்தப் பேச்சு ஆளைக் கொல்கிறது.

உடம்பு வெயிலுக்குப் பழகும், அது உண்மை. ஆனால் அதற்கு ஒன்றிரண்டு வாரமாவது தொடர்ந்து வெயிலில் உழைத்திருக்க வேண்டும். திருவிழாவுக்கு ஊருக்குப் போய்ச் சில வாரம் தங்கித் திரும்பினால், அந்தப் பழக்கத்தில் பெரும்பகுதி போய்விடும். வேலைக்குத் திரும்பிய முதல் சில நாட்கள்தான் பெரிய கண்டம். இருபது வருஷ அனுபவம் அப்போது துணைக்கு வராது. நன்றாகப் பழகின உடம்பும், காற்றில் ஈரம் மிகுந்து வேர்வை உலராத நாளில் தோற்றுப்போகும். 2024 அக்டோபர் 6 அன்று மெரினாவில் விமான சாகசம் பார்க்கப் போனவர்களில் 5 பேர் இறந்தார்கள். அது கத்திரி வெயிலில்லை, புரட்டாசி மாதம். சென்னை வெயிலிலேயே வளர்ந்தவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள்.

தலைவலி, குமட்டல், கெண்டைக்காலில் சதைப்பிடிப்பு, சிறுநீர் அடர்மஞ்சளாகப் போவது எல்லாம் உடம்பு கொடுக்கும் முன்னறிவிப்புகள். அப்போதே நிழலும் உப்புச் சர்க்கரைக் கரைசலும் கிடைத்தால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளலாம். அதைத் தாண்டினால் மூளை தடுமாறும். கான்கிரீட் போடும் நாளில் பாண்டு தூக்கும் ஆள் தள்ளாடுவார், கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்வார், காரணமில்லாமல் சண்டைக்கு வருவார். "காலையிலேயே ஊத்திக்கிட்டு வந்துட்டான்" என்று ஓரமாகக் கிடத்திவிடுவார்கள். சட்டை தொப்பலாக நனைந்திருப்பதால் ஹீட் ஸ்ட்ரோக் என்று யாருக்கும் தோன்றாது. உழைக்கிறவருக்கு வேர்வை நிற்காமலேயே உடம்புச் சூடு 104 டிகிரியைத் தாண்டும். தாமதிக்கும் ஒவ்வொரு நிமிஷமும் மூளையையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். உடனே 108-ஐக் கூப்பிட வேண்டும். வண்டி வரும்வரை உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும். நினைவு தடுமாறுகிறவர் வாயில் சோடா ஊற்றினால் புரையேறும். பாராசிட்டமால் இந்தச் சூட்டைத் தணிக்காது.

2024 அக்டோபரிலேயே தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் உதவி உண்டு. குடித்துவிட்டு விழுந்தார் என்று பேச்சு கிளம்பிய குடும்பம் அதை எப்படிக் கேட்டு வாங்கும்?

கழிப்பறை இல்லாத சைட்டில் சித்தாள் பெண்கள் மதியம்வரை தண்ணீரே குடிப்பதில்லை. அவர்களுக்கு "நிறைய தண்ணி குடிம்மா" என்று புத்தி சொல்லும் காண்ட்ராக்டர் முதலில் கழிப்பறை கட்டட்டும். கோடையில் கான்கிரீட் வேலையை விடியற்காலையில் தொடங்கி 11 மணிக்குள் முடிக்கட்டும்.